எலி பாடுகிறது என்று ரசிக்காதீர்கள்

இரவு 11.30 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. வெள்ளையும் சாம்பலுமாக ஒரு எலி, ஒரு பெண்ணின் மடியில் சுருண்டு படுத்திருக்கிறது. அதன் கண்கள் இரண்டும் பிதுங்கி வெளியே வருவதும் உள்ளே போவதுமாகத் துடித்துக்கொண்டிருக்கின்றன, கூடவே நறநறவென்று பல்லைக் கடிக்கும் சத்தம். "டாக்டர், ஃபிட்ஸ் வந்துருச்சு, இப்பவே தூக்கிட்டு வரட்டுமா?" என்று கீழே ஒரு செய்தி. "வேண்டாம்மா, அது சந்தோஷமா இருக்கு, நீங்க தூங்குங்க" என்று பதில் போட்டேன். அவர் நம்பவில்லை. மறுநாள் காலை நான் க்ளினிக் ஷட்டரைத் தூக்கும்போது அட்டைப்பெட்டியோடு படியில் உட்கார்ந்திருந்தார்.

அதே வாரம் ஒரு கல்லூரி மாணவர் தன் எலிக்கு நகம் வெட்ட வந்தார். பேச்சுவாக்கில், "சார், இவன் தூங்கும்போது குருவி மாதிரி கீச்சு கீச்சுன்னு பாடுவான், இன்ஸ்டாவுல போட்டேன், செம லைக்ஸ்" என்று போனை நீட்டினார். வீடியோவை ஓரமாக வைத்துவிட்டு எலியை எடுத்துக் காதோரம் வைத்துக் கேட்டேன். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சின்ன விசில், விலாவுக்குப் பின்னால் வயிறு உள்ளே இழுத்து இழுத்து விடுகிறது. அது பாடவில்லை, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.

வீட்டில் எலி வளர்ப்பவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் இந்தக் கதைதான். பயப்பட வேண்டாததற்கு நடுராத்திரியில் ஓடி வருகிறார்கள், பயப்பட வேண்டியதை வீடியோ எடுத்து ரசிக்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. நாயோ பூனையோ என்றால் பக்கத்து வீட்டு அத்தையே பாதி வைத்தியம் சொல்லிவிடுவார், எலியைப் பற்றி யாரைக் கேட்பது?

முதலில், இது எந்த எலி என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுக் கூரையில் ஓடுகிற எலியும் சாக்கடையில் வளை தோண்டுகிற பெருச்சாளியும் வேறு இனங்கள். செல்லமாக வளர்ப்பது ரேட்டஸ் நார்வெஜிகஸ் என்ற பழுப்பு எலியின் பழக்கப்பட்ட வம்சம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எலி பிடிப்பதையே தொழிலாக வைத்திருந்த ஜாக் பிளாக் என்பவர், பிடித்தவற்றில் விசித்திர நிறத்தில் இருந்தவற்றைக் கொல்லாமல் வைத்து இனப்பெருக்கம் செய்து செல்லப்பிராணியாக விற்றார். ஆய்வகங்களில் இருக்கும் வெள்ளை எலியும் இதே இனம்தான். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அந்த வெள்ளை எலிகள், அல்லது தலையும் தோளும் கறுப்பாக இருக்கும் வகை. தலைமுறை தலைமுறையாக மனிதர் கையில் வளர்ந்ததால் அவை நம்மைக் கண்டு ஓடுவதில்லை. அதற்காகச் சமையலறையில் மாட்டிய குட்டியைப் பிடித்து வளர்க்கலாமா என்று கேட்காதீர்கள். அது பயந்தே செத்துப்போகலாம், அதற்குள் உங்களையும் கடித்துவைக்கும்.

சரி, அந்தக் கண் விஷயத்துக்கு வருவோம். எலிக்கு முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், ஒன்றோடு ஒன்று உரசித் தேய்த்துக்கொள்ளும். நிம்மதியாக இருக்கும்போதும் இப்படித்தான் அரைக்கும், பூனை குறுகுறுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தாடையை அசைக்கிற தசை ஒன்று கண் குழிக்குப் பின்பக்கமாகப் போகிறது, அது இறுகித் தளரும்போது கண்ணும் சேர்ந்து வெளியே வந்து உள்ளே போகும். பார்க்க பயங்கரம்தான், எனக்கே முதல் தடவை தூக்கிவாரிப்போட்டது. ஆனால் வலியிலும் எலி பல்லை அரைக்கும் என்பதால் மற்ற உடம்பையும் பாருங்கள். உடல் தளர்ந்து மடியில் பரவிக் கிடந்தால் சந்தோஷம். முதுகு வளைந்து, ரோமம் சிலிர்த்து, ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு அரைத்தால் என்னிடம் கொண்டுவாருங்கள்.

பல்லைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பல் இருந்தால் அழுக்கு இல்லை, அதுதான் ஆரோக்கியம். பல் தேய்க்கும் பிரஷ் வாங்கி வந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கண்ணில் ரத்தம். வாரத்துக்கு ஒருவராவது இதைச் சொல்லி அழுகிறார். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஹார்டேரியன் சுரப்பியிலிருந்து வரும் திரவத்தில் போர்ஃபிரின் என்ற சிவப்பு நிறமி இருக்கிறது, காய்ந்தால் அசல் ரத்தக்கறை மாதிரியே இருக்கும். தூங்கி எழுந்ததும் கண்ணோரம் துளி இருந்தால் நமக்குப் பீளை கட்டுவது போலத்தான், ஈரப் பஞ்சில் துடைத்துவிடுங்கள், கொஞ்ச நேரத்தில் அதுவே முகம் கழுவிக்கொள்ளும். இந்த 'அதுவே கழுவிக்கொள்ளும்' என்பதுதான் முக்கியம். எலி சுத்தத்தில் பூனைக்குச் சளைத்ததில்லை. கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் சிவப்பு காய்ந்து, முன்னங்கால் உள்பக்கமும் கறை படிந்து, அதைத் துடைத்துக்கொள்ளக்கூட அதற்கு மனமில்லை என்றால் ஏதோ உடம்பு சரியில்லை, அல்லது பெரிய மன உளைச்சலில் இருக்கிறது.

சிவந்த கண் உள்ள வெள்ளை எலி தலையை இடமும் வலமும் மெதுவாக ஆட்டிக்கொண்டு நிற்கும். நரம்புக் கோளாறு என்று பயப்படுவார்கள். பார்வை மிக மோசம் என்பதால் தலையை அசைத்து, தூரத்தை அளக்கிறது, அவ்வளவுதான். தலை ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்று, நடந்தால் வட்டமடித்தால் மட்டும் உள்காதில் தொற்றா என்று பார்க்க வேண்டும். உங்கள் கைமேல் ஏறிப்போகும்போது ஒரு சொட்டு மூத்திரம் விட்டுப்போவது 'இது என்னுடையது' என்று அது போடும் கையெழுத்து. தன் புழுக்கையைத் தானே தின்பதும் இயல்பு, அதில் அதற்குத் தேவையான வைட்டமின்கள் இருக்கின்றன. காணாமல்போன சாக்ஸையும் பிஸ்கட்டையும் கூண்டு மூலையில் தேடிப் பாருங்கள்.

இனி ரசிக்கக் கூடாதவை. முதலில் மூச்சு. மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற கிருமி வளர்ப்பு எலிகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிடமும் இருக்கிறது. பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். கூண்டில் மூத்திர வாடை தேங்கினால், கூட்டம் அதிகமானால், வயசானால் தலைதூக்கும். மூத்திரத்திலிருந்து வரும் அமோனியா மூச்சுக்குழாயை அரிக்கும், உங்கள் மூக்குக்கு வாடை எட்டும்போது அதன் மூக்கு எப்போதோ வெந்துபோயிருக்கும். மரக்கடைத் தூளை அள்ளிவந்து போடாதீர்கள், தூசும் ஆகாது, பைன் தேவதாரு மரங்களின் எண்ணெய் வாசமும் ஆகாது. பழைய காட்டன் துணியோ கிழித்த காகிதமோ போதும், அடிக்கடி மாற்றினால் சரி. புது இடத்துக்கு வந்த எலி ஒன்றிரண்டு நாள் தும்மலாம். விசில், கரகரப்பு, வயிற்றை இழுத்து விடும் மூச்சு இருந்தால் அன்றைக்கே வாருங்கள். அந்த மாணவரின் எலிக்கு ஆன்டிபயாடிக் பல வாரம் கொடுக்க வேண்டியிருந்தது. கிருமி போகவில்லை, போகவும் போகாது. ஆனால் சத்தம் நின்றது.

இரண்டாவது கட்டி. பெண் எலிக்குப் பால் சுரப்பித் திசு கழுத்திலிருந்து தொடை இடுக்கு வரைக்கும் பரவியிருக்கிறது, அதனால் அக்குளிலோ விலாவிலோ வரும் கட்டியும் மார்புக் கட்டியாக இருக்கலாம். பெரும்பாலும் புற்றுநோய் இல்லாத சாதாரணக் கட்டிதான், ஆனால் வேகமாக வளரும். பட்டாணி அளவில் வந்தால் எடுப்பது சுலபம். எலுமிச்சை அளவு ஆனபிறகு, "கொழுத்துட்டான்னு நினைச்சோம்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள், உடம்பு முழுக்க விரலால் தடவிப் பாருங்கள். எலி தன் நோயைக் காட்டாது, இரையாகிற பிராணிக்கு அது பிழைக்கும் வழி. எடை குறைவதுதான் அது நம்மிடம் சொல்கிற முதல் வார்த்தை.

ஆபரேஷன் என்றதும் ஒருவர் நாய்க்குச் செய்த அனுபவத்தில் முதல் நாள் இரவிலிருந்து எலியைப் பட்டினி போட்டுக் கொண்டுவந்தார். எலியால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் அந்தப் பட்டினி தேவையில்லை, சர்க்கரை இறங்கி அதுவே ஆபத்தாகும். எலி விஷம் இவ்வளவு நன்றாக வேலை செய்வதற்கும் வாந்தி எடுக்க முடியாதது ஒரு காரணம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எலி கேக் வைத்திருந்தால் இந்தச் செல்லத்தை வெளியே விடும்போது நினைவிருக்கட்டும்.

மூன்றாவது வெயில். சென்னையில் மே மாதம் நான் பார்க்கும் எலி மரணங்களில் பாதி தவிர்க்கக்கூடியவை. எலிக்கு வியர்க்காது, நாய் போல மூச்சிரைத்தும் சமாளிக்காது, முக்கியமாக வால் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும் பிராணியைப் பால்கனியில் வைத்துவிட்டு ஆபீஸ் போகிறோம். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் தரையோடு கூண்டை வையுங்கள், ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றிப் போடுங்கள், படுக்க ஒரு டைல்ஸ் துண்டு வையுங்கள். மல்லாந்து வாயில் எச்சில் ஒழுகக் கிடந்தால் வாலையும் பாதங்களையும் சாதாரண குழாய்த் தண்ணீரில் நனைத்துக்கொண்டே ஓடிவாருங்கள், ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். தூக்கும்போது வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், தோல் அப்படியே கழன்று கையோடு வந்துவிடக்கூடும். ஒருமுறை பார்த்தால் போதும்.

உங்களைக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வந்தால் "வீட்டில் எலி வளர்க்கிறேன்" என்பதை வெட்கப்படாமல் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எலிக்கடிக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு, சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றாது.

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. மனிதனுக்குச் சரி, எலிக்கு நேர் எதிர். தனி எலி சோர்ந்துபோகும், எப்போதும் அதே பாலினத்தில் இரண்டாவது எலி வேண்டும். அதே பாலினம் என்று அழுத்திச் சொல்லக் காரணம், ஐந்தாறு வாரத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், கர்ப்பம் மூன்று வாரம்தான். கடைக்காரர் "ரெண்டும் பொண்ணு" என்று சொன்னதை நம்பி வாங்கிப்போய், மாதக் கடைசியில் பதினோரு குட்டியோடு திரும்பி வந்தவர்கள் உண்டு. வாங்கியதும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஜோடியில் ஒன்று செத்துப்போனால் மற்றது அதன் உடலை மோந்து பார்க்கச் சற்றுநேரம் விடுங்கள், தேடி அலைவது குறைவதைப் பார்த்திருக்கிறேன். புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால் இரண்டு வாரம் வேறு அறை, பிறகு இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் சந்திப்பு. கட்டிப்புரண்டு பிடரியை மோந்து உருண்டால் விளையாட்டு, கீச்சிட்டாலும் விடுங்கள். முடி சிலிர்த்து, பக்கவாட்டாக நகர்ந்து வந்து பின்பக்கத்தைக் கடித்தால் பிரித்துவிடுங்கள், வெறுங்கையை நடுவே விடாமல் துண்டைப் போட்டுப் பிரியுங்கள்.

முதலில் சொன்ன அந்தப் பெண், அவருடைய எலிக்குப் போன மாதம் துணை வந்தது. மூன்றாம் நாள் இரவு 2 மணிக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். துணி ஊஞ்சலில் ஒன்றின்மேல் ஒன்று அப்பளம் அடுக்கினாற்போலப் படுத்திருந்தன. "கீழ இருக்கிறது மூச்சு விடுதா டாக்டர்?"

விடுதும்மா.