சலான்: குதிரை விற்பவரா, பழக்குபவரா?

ஸ்பானிய மொழியில் 'சலான்' என்பது குதிரை முதலிய கால்நடைகளை வாங்கி விற்பதில் கைதேர்ந்தவரைக் குறிக்கும் சொல்; வங்கியில் நாம் நிரப்பும் சலானுக்கும் இதற்கும் உறவில்லை. ஸ்பானிய அரச கழகத்தின் அகராதி இவரை வெறும் வியாபாரி என்று நிறுத்தாமல், அதற்கேற்ற சாமர்த்தியமும் பேச்சுவன்மையும் உடையவர் என்று சேர்த்தே வரையறுப்பதால், மொழிபெயர்ப்பாளர் அந்தச் சாயலைக் கைவிட முடியாது.

சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே 'ஷலான்' என்றால் கடைக்கு வரும் வாடிக்கையாளர்; அதன் வேர் 'அக்கறை கொள்ளுதல்' என்னும் பொருளுடைய ஒரு பழைய வினை, அதற்கும் மூலம் 'சூடாக இருத்தல்' எனப் பொருள்படும் 'கலேரே' என்ற லத்தீன் வினை. வாங்க வருபவரைச் சுட்டிய சொல் ஸ்பெயினுக்குள் நுழைந்ததும் விற்பவரைச் சுட்டத் தொடங்கியது. விற்பதற்காகவே வாங்கும் தொழிலில் இருவரும் ஒருவரே என்பதால், இதில் பெரிய விந்தை இல்லை.

ஆங்கிலத்தில் பொதுவான இடத்துக்கு 'ஹார்ஸ் டீலர்' போதும். குதிரையின் உதட்டை விலக்கிப் பல் தேய்மானத்தைக் கண்டு வயதைக் கணித்து, விற்கும்போது அந்த வயதில் சில ஆண்டுகளைக் குறைத்துச் சொல்பவர் என்ற வாடை வேண்டுமானால், பிரிட்டனில் வழங்கிய 'ஹார்ஸ் கோப்பர்' சரியாகப் பொருந்தும். பெரு நாட்டிலோ கதை வேறு: அங்கே வெள்ளுடை, தலைவழியே அணியும் 'போன்சோ' என்ற போர்வை, ஓலைத் தொப்பியுடன் 'பாசோ' இனக் குதிரையைப் பழக்கி ஓட்டுபவரே சலான், அவரை டீலர் என்று எழுதினால் பெரும்பிழை. மெக்சிகோவில் இதே சொல் கொத்தனாரின் உதவியாளையும் குறிக்கும்.

தமிழில் 'தரகர்' என்பது முழுமையாகப் பொருந்தாது. தரகர் பிறர் பொருளுக்குப் பேசிக் கூலி பெறுபவர், சலான் தன் பணத்தைப் போடுபவர். 'குதிரை பேரக்காரர்' என்றால் செய்தித்தாள் படிப்பவருக்குச் சட்டமன்ற உறுப்பினர்களை விலைபேசுவதே நினைவுக்கு வரும். சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்திலிருந்து (இன்றைய கேரளப் பகுதி) வந்த 'குதிரைச் செட்டி' தென்படுகிறார். அழகான சொல்தான், ஆனால் இன்று சாதிப்பெயராகவே காதில் விழும். ஆகவே ஸ்பெயினைப் பற்றிய பனுவலில் 'பேச்சுச் சாமர்த்தியமுள்ள குதிரை வியாபாரி' என்றும், பெருவைப் பற்றியதில் 'குதிரை பழக்குநர்' என்றும் எழுதலாம்.