விளையாட்டுக் கம்பெனி, நிஜ நோட்டீஸ்

ஸ்டார்ட்அப் கலாசாரத்தைக் கிண்டலடிக்கும் கண்காட்சிகள் எனக்குப் பிடிக்கும். லோகோ, ஐடி கார்டு, சுவரில் 'விஷன்' வாசகம் எல்லாவற்றையும் ரசிப்பேன். காட்சி முடிந்த கையோடு அதை நடத்திய கலைஞர்கள் வக்கீல் நோட்டீஸோடு வக்கீலான என் அலுவலகத்துக்கு வருகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அண்மையில் வந்த இளைஞர்கள் வாசலில் 'பிரைவேட் லிமிடெட்' என்று போர்டு மாட்டி, பார்வையாளர்களுக்குப் 'பங்குப் பத்திரம்' விற்றிருக்கிறார்கள். தங்க நிற பார்டர், வரிசை எண், எம்.டி. கையெழுத்து, போதாக்குறைக்கு ஒரு ரெவின்யூ ஸ்டாம்ப். வாங்கியவர் ஒருவர் டிவிடெண்ட் (லாபத்தில் பங்கு) எப்போது வரும் என்று கேட்டு நோட்டீஸே அனுப்பிவிட்டார்.

"சார், அது ஆர்ட் சார்" என்கிறார்கள். இந்த வரியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கலை என்று சொன்னால் சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நிற்குமா? உங்கள் மனசுக்குள் இருக்கும் நையாண்டியை நீதிபதி எங்கே போய்ப் பார்ப்பார்? தாளில் என்ன இருக்கிறது, காசு கைமாறியதா, அவ்வளவுதான்.

டென்மார்க் கலைஞர் யென்ஸ் ஹானிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் ஆல்போர்க் நகரத்து அருங்காட்சியகம் ஒன்று, நோட்டுகளைப் பிரேம் போட்டுக் காட்டச் சொல்லி அவரிடம் ஐந்து லட்சத்துக்கு மேல் குரோனர் கொடுத்தது. அவர் வெறும் கேன்வாஸை அனுப்பிவிட்டு, 'பணத்தை எடுத்துக்கொண்டு ஓடு' என்று பெயர் வைத்தார். அருங்காட்சியகமும் அதைக் காட்சிக்கு வைத்தது. ஆனால் ஒப்பந்தத்தில் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று இருந்ததே! 2023-ல் கோபன்ஹேகன் நீதிமன்றம், அவருடைய கட்டணம் 40,000-ஐக் கழித்துக்கொண்டு 4,92,549 குரோனரைத் திருப்பிக் கட்டச் சொன்னது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2019-ல் தெருவோவியர் பேங்க்ஸி லண்டனின் க்ராய்டனில் ஒரு கடை போட்டார். கதவு திறக்காது, விற்பனை ஆன்லைனில் மட்டும். டிரேட்மார்க் தகராறுக்காகத்தான் கடை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டே ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்துரிமை அலுவலகம் அந்தப் பேச்சையும் சுட்டிக்காட்டி, நிஜமாக வியாபாரம் செய்யும் நோக்கம் இல்லை என்று, அவருடைய 'பூங்கொத்து எறிபவர்' படத்தின் டிரேட்மார்க்கை ரத்து செய்தது. (கட்சிக்காரர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் எங்கள் பிழைப்பு எவ்வளவு சுலபம்!)

கனடாவின் கலைஞர்களான பாக்ஸ்டர் தம்பதி, கம்பெனிகளைக் கிண்டலடிக்கும் கலைப்படைப்பான தங்கள் 'என்.ஈ. திங் கம்பெனி'யை 1969-ல் முறைப்படி பதிவே செய்துவிட்டார்கள். கிண்டல் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சரி, இனிமேலாவது கேளுங்கள். பதிவு செய்யாமல் 'லிமிடெட்' போடாதீர்கள். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 453-ன்படி நாளொன்றுக்கு 500 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். கண்காட்சி ஒரு மாதம் ஓடினால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். பத்திரம் அச்சடித்தால், 'இது கலைப்படைப்பு, இதில் பங்குரிமையும் லாபமும் கிடையாது' என்று முன்பக்கத்திலேயே போடுங்கள். பின்னால் எறும்பு எழுத்தில் வேண்டாம். கலைப்பொருள் விற்றதாகப் பில் கொடுங்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் பக்கமே போகாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை, யாரிடமாவது. நோட்டீஸ் வந்தபிறகு என்னிடம் வந்தால் ஃபீஸ் கூடுதலாகத்தான் கேட்பேன்.