அசைன்மென்ட் இரவும் அதிகாலை நான்கு மணியும்

ஊட்டியில் காந்தல், ஃபெர்ன்ஹில் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் ஒன்று சொல்வார்கள். விடிய விடிய அசைன்மென்ட் எழுதும்போது பன்னிரண்டு மணி ஒரு பொருட்டே இல்லை, இரண்டு மணி வரைகூட ஓட்டிவிடலாம், நான்கு மணிதான் ஆளைச் சாய்க்கிறது. எழுதிய வரியையே மறுபடி எழுதியிருப்பார்கள். பேனா தாளில் கோடு இழுத்துக்கொண்டு போயிருக்கும். உடம்புக்குள் தனித்தனியாக நடக்கும் இரண்டு வேலைகள் அந்த நேரத்தில் ஒன்றுசேர்ந்துகொள்கின்றன.

முதலாவது அடினோசின். மூளைச் செல்கள் ஆற்றலைச் செலவழிக்கச் செலவழிக்க இந்த வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும், தூங்கினால்தான் குறையும். மூளையில் இதற்கென்று இருக்கும் ஏற்பிகளில் அடினோசின் போய் உட்காரும்போது தூக்கம் சொக்குகிறது. டீயில் இருக்கும் காஃபீன் செய்வது, பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலை. அடினோசின் உட்கார முடியாது. ஆனால் அது இறங்கிப் போவதும் இல்லை, கூட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டு நீங்கச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பதினொரு மணி டீயின் பிடி நான்கு மணிக்குத் தளர்ந்திருக்கும்.

இரண்டாவது, உடலின் கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸில் இருக்கும் சுமார் 20,000 நரம்பணுக்கள்தான் அந்தக் கடிகாரம். நாம் விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று பார்க்காமல் அது பாட்டுக்கு ஓடும். செல்லுக்குள் இப்படி நேரம் காட்டும் மரபணுக்கள் இயங்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் கிடைத்தது. இந்தக் கடிகாரத்தின்படி உடலின் உள்வெப்பம் மிகவும் தாழ்வது அதிகாலை நான்கு, ஐந்து மணி வாக்கில்.

மலையில் இதோடு குளிரும் சேர்கிறது. 2,200 மீட்டருக்கு மேல் உயரம். மார்கழி, தை மாதங்களில் புல்லின் மேல் உறைபனி படியும். குளிர்தான் தூக்கத்தை வரவழைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கால் சில்லென்று இருந்தால் தூக்கம் வரத் தாமதமாகும். தூங்கப் போகும்போது கை கால்களில் ரத்தக் குழாய்கள் விரிந்து, உள்வெப்பம் தோல் வழியாக வெளியேற வேண்டும். குளிரில் அவை சுருங்கிக்கொள்வதால் வெப்பம் உள்ளேயே நின்றுவிடுகிறது. பாதம் சூடாக இருந்தால் சீக்கிரம் தூக்கம் வருகிறது என்பதை சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் காட்டினார்கள். ஆக, நான்கு மணிக்கு நடுக்கம் தாங்காமல் சாக்ஸ் மாட்டி, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்காரும் மாணவி, தன்னை அறியாமலே தூக்கத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறாள். கதகதப்பு ஏற ஏறக் கண் செருகும்.

சரி, எப்படியோ சமாளித்து எழுதி முடித்தாயிற்று. என்ன எழுதினோம் என்பதுதான் எனக்குக் கவலை. தூக்கமின்மை முதலில் அடிப்பது மூளையின் முன்பகுதியை. புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுத இது அவ்வளவாகத் தேவைப்படாது. எதைச் சொல்வது, எதை விடுவது, இந்த வாதம் நிற்குமா என்று தீர்மானிக்க அதுதான் வேண்டும். கட்டுரை எழுதுவது என்பதே அந்த வேலைதானே. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்குகிறது என்று 1997இல் ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட சட்டம் அனுமதிக்கும் உச்சம் 0.03.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. விடிந்து வெளிச்சம் வந்ததும், கடிகாரம் விழிப்புப் பக்கம் திரும்புவதால் திடீரென்று தெம்பு வந்த மாதிரி இருக்கும். சேர்ந்த அடினோசின் துளியும் குறைந்திருக்காது. அந்தத் தெம்பை நம்பி, 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டி மலைப்பாதையில் பைக்கை எடுக்கவே கூடாது. கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் தூங்கிவிடும். 30 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி என்றால் 25 மீட்டர். அன்றைக்கு மட்டுமாவது பஸ்ஸில் போங்கள்.

வேறு வழியே இல்லாத இரவில், ஒரு மணிக்கே, இரண்டரைக்கு எழ அலாரம் வைத்து, ஒன்றரை மணி நேரம் படுத்துவிடுவது நல்லது. ஒரு தூக்கச் சுற்று கிட்டத்தட்ட அவ்வளவுதான்; அடினோசினும் கொஞ்சம் இறங்கும். எழுந்ததும் அரை மணி நேரம் மந்தமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் பக்க எண் போடுங்கள், மேற்கோள்களைச் சரிபாருங்கள். முடிவுரையை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.