டிக் டிக் சத்தமெல்லாம் நியூட்ரான் இல்லை, தம்பி

குளிர் இணைவு, அதாவது பெரிய சூடு இல்லாமலேயே அணுக்கருக்களை இணைப்பது, செய்துவிட்டதாக நம்பி வருபவர்களில் இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். இணைவு நடந்தால் அணுக்கருவிலிருந்து நியூட்ரான் என்ற துகள் வெளியே வரும், அதைத்தான் தேடுகிறார்கள். வியாசர்பாடியிலிருந்து ஒரு டிப்ளமோ மாணவர், துணிப்பையில் கைகர் கவுன்டரோடு (கதிர்வீச்சை டிக் டிக் என்று எண்ணும் கருவி) ராயபுரத்தில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். "அண்ணா, நியூட்ரான் வருது. கருவி சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க." நோட்டில் பக்கம் பக்கமாக எண்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவருடைய வலது கட்டைவிரல்தான். நுனி கருகியிருந்தது.

ஊறுகாய் ஜாடியில் பொட்டாசியம் கார்பனேட் கரைசல், அதில் டங்ஸ்டன் கம்பி, 230 வோல்ட் லைனை நேரே பிரிட்ஜ் ரெக்டிஃபையரில் கொடுத்து எடுத்த டிசி. கம்பியைச் சுற்றி ஊதா நிறத்தில் பிளாஸ்மா எரியும். அழகுதான், மறுக்கவில்லை.

ஆனால் கைகர் குழாய்க்கு நியூட்ரானைத் தெரியாது. நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. குழாயிலுள்ள வாயுவைச் சீண்டாமல் தாண்டிப் போய்விடும். அதைப் பிடிக்க ஹீலியம்-3 அல்லது போரான் ட்ரைஃபுளோரைடு நிரப்பிய குழாய் வேண்டும். வேகமான நியூட்ரான் என்றால் சுற்றிலும் பாரஃபின் மெழுகு வைத்து முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். சரி, அப்போது டிக் டிக் எங்கிருந்து வந்தது? ஜாடியே இல்லாமல், அவர் பையிலிருந்த ராடு பாக்கெட்டை மட்டும் குழாய் அருகே வைத்தேன். எண்ணிக்கை ஏறியது. மண்ணடியில் வாங்கிய, சிவப்பு முனை ஆர்கான் வெல்டிங் டங்ஸ்டன் ராடு; ஜாடியில் போட்ட கம்பியும் அதுதான். அதில் கதிரியக்கம் உள்ள தோரியம் கலந்திருக்கிறது. தம்பியின் முகம் வாடிப்போனது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

சரியான குழாய் கிடைத்தாலும் ஏமாறலாம். பொறி பறக்கும் இடத்தில் ரேடியோ இரைச்சல் கிளம்பும். அதையும் கவுன்டர் எண்ணிவிடும். பக்கத்தில் ஒரு ஏஎம் ரேடியோவைப் போட்டுப் பாருங்கள், கரகரக்கும். காசிமேட்டுக் கடல்காற்றின் ஈரம் ஹை வோல்டேஜ் கனெக்டரில் படிந்தால் மின்கசிவும் துடிப்பாகப் பதிவாகும். இதில் பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். 1989 மார்ச் 23 அன்று ஃபிளெய்ஷ்மன், பான்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் குளிர் இணைவை அறிவித்தார்கள். அடுத்த மாதமே அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் நியூட்ரான் கண்டதாகச் சொன்னார்கள். சில நாளில் திரும்பப் பெற்றார்கள்: போரான் குழாய் சூட்டுக்கே எண்ணிக்கையைக் கூட்டியிருந்தது.

இன்னொன்றையும் யோசியுங்கள். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) வழக்கமான முறையில் இணைந்து வெறும் 1 வாட் வெப்பம் தந்தால், நொடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி நியூட்ரான் வெளியே வரும். ஜாடியிலிருந்து அவ்வளவு வந்திருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து நோட்டு எழுதியவர் என் கடைக்கு நடந்து வந்திருக்க மாட்டார்.

நியூட்ரான் வருமோ என்று பயப்படுபவர்கள் லைன் கரன்ட்டுக்குப் பயப்படுவதில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். லைனிலிருந்து பிரித்துக் கரன்ட் தரும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செய்யாதீர்கள். ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்) இருக்கிறதே என்று நம்பாதீர்கள். சாதாரண வகை டிசி கசிவுக்கு விழாமலும் போகலாம். ஜாடியை மூடாதீர்கள். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும், பற்றவைக்கப் பொறி உள்ளேயே இருக்கிறது. ஆனோடுக்கு (பாசிட்டிவ் முனை) எவர்சில்வர் ஸ்பூன் போட்டுத் தண்ணீர் மஞ்சளானால் அது நச்சுக் குரோமியம், சாக்கடையில் கொட்டாதீர்கள். தோரியம் ராடை அரைக்கவே கூடாது, தூள் மூச்சில் போகும்.

தனியாகச் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் லேப் சாரிடம் சொல்லிவிட்டு, அவர் முன்னால் செய்யுங்கள். அப்புறம், சுவிட்சை அணைத்ததும் கை வைக்காதீர்கள். ரெக்டிஃபையரோடு சேர்ந்திருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகு தொடுங்கள். தம்பியின் விரலைச் சுட்டது அதுதான்.