உருமறைப்பு: ஒளிவது வேறு, நிறம் பெயர்வது வேறு

திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டில் நடந்து போகிறவரின் காலடியிலிருந்து பக்கி ஒன்று படபடவென்று எழும்பும்போதுதான், அவ்வளவு நேரமும் அது அங்கே கிடந்தது தெரியவரும். சருகும் மண்ணும் கலந்த நிறமுடைய அப்பறவை பகல் முழுவதும் தரையோடு தரையாக அசையாமல் கிடக்கும். இதற்கு நாம் ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்ட பெயர் ‘கேமஃபிளாஜ்’. தமிழ்ப்பெயர் உருமறைப்பு.

ஆங்கிலத்துக்கும் அது இரவல் சொல்தான். வேடமிடுதல், மறைத்தல் என்னும் பொருளுடைய ‘கமுஃப்ளே’ என்ற பிரெஞ்சு வினையே அதன் வேர். முதல் உலகப்போரின்போது, 1915இல், பீரங்கிகளை எதிரியின் கண்ணிலிருந்து மறைப்பதற்கென்றே பிரெஞ்சுப் படை ஓவியர்களைச் சேர்த்து ஒரு பிரிவை அமைத்தது. அந்தப் போர்க்காலத்திலேயே சொல் ஆங்கிலத்தில் புகுந்து, பிறகு விலங்கியலிலும் நிலைத்தது.

தமிழாக்கம் மூலச்சொல்லைவிடத் துல்லியமானது என்பது என் எண்ணம். மறைவது உடல் அன்று, அதன் உரு, அதாவது விளிம்பும் வடிவமும். முண்டந்துறைக் காட்டுப் புலியின் வரிகள் செய்வது இதைத்தான். அதன் செம்மஞ்சள் நமக்குப் பளிச்சென்று தெரிந்தாலும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத புள்ளிமானின் கண்ணுக்குப் புல்லின் நிறமாகவே படும். எஞ்சும் வடிவத்தையும் வரிகள் துண்டாடிவிடுகின்றன. ‘கரவு’ என்னும் பழஞ்சொல்லை ஆளலாமே என்றால், அதில் வஞ்சகத்தின் வாடை இருக்கிறது. பக்கியிடம் என்ன வஞ்சகம்? புழு வண்ணத்துப்பூச்சியாவதைக் குறிக்கும் ‘உருமாற்ற’த்தை இங்கே எழுதுவதோ வெறும் பிழை.

அதைவிடப் பரவலான குழப்பம், நிறம் மாறுவதெல்லாம் ஒளிவதற்கே என்று கொள்வது. வேலியோரத்து உடைமரத்தில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் ஆண் ஓணானின் கழுத்து இனப்பெருக்கக் காலத்தில் செக்கச்செவேலென்று சிவக்கும். நம் ரத்தத்தைத் தூரத்திலிருந்தே உறிஞ்சுகிறது என்று பிள்ளைகள் தொண்டையைப் பொத்திக்கொள்வார்கள். அது ஒளியவில்லை, பெட்டைக்கும் போட்டி ஆணுக்கும் தன்னைக் காட்டிக்கொள்கிறது. நற்றிணையின் 186ஆம் பாட்டு ‘வேனில் ஓதி நிறம்பெயர் முதுபோத்து’ என்று இந்த முதிய ஆணைப் பருவத்தோடு சேர்த்தே சொல்கிறது. ஓதி, ஓந்தி என்பன ஓணானின் பழம்பெயர்கள். பச்சை ஓந்தியே பச்சோந்தி. அதன் நிறமாற்றத்திலும் வெப்பத்துக்கும் சினத்துக்கும் பெரும்பங்கு உண்டு. ஒருவகைப் பச்சோந்தியின் தோலிலுள்ள நுண்படிகங்கள் நெருங்கியும் விலகியும் ஒளியை வேறுவேறாகத் திருப்புவதாலேயே நிறம் மாறுகிறது என்று 2015இல் ஜெனீவா ஆய்வாளர்கள் காட்டினர்.

ஆகவே உருமறைப்பு என்பது ஒரு பயன். நிறம் பெயர்தல் அப்பயனுக்கும் வேறு பயன்களுக்கும் உதவும் ஒரு வழி. இரண்டும் ஒரே உடலில் சேருவதைப் பார்க்க வேண்டுமானால் உவரிக் கடலுக்குத்தான் போகவேண்டும். கணவாயின் தோலில் நிறமி நிறைந்த பைகளைத் தசைகள் இழுத்தால் புள்ளிகள் விரியும், விட்டால் சுருங்கும். நரம்பின் நேரடி ஆணைக்கு இயங்குவதால் நொடிக்குள் அது மணலாகவோ பாறையாகவோ தோன்றிவிடும். இத்தனைக்கும் அதன் கண்ணுக்கு நிறமே தெரியாது. வலையிலிருந்து கொட்டிய பிறகும் அந்தப் புள்ளிகள் சற்றுநேரம் விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கும்.