மீட்டர் 2 காட்டுகிறது, செடி ஏன் கருகுகிறது?

போன வாரம் மலேசியாவில், பினாங்கு செபராங் பிறையின் சிம்பாங் அம்பாட்டில் ஒரு மிளகாய்த் தோட்டம். 1,200 பாலிபேக், அதாவது செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பை. பாதிக்கு மேல் இலை ஓரம் காய்ந்து சுருண்டு நிற்கிறது. தோட்டக்கார அண்ணன், உரத் தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று காட்டும் இ.சி. மீட்டரை நீட்டி, "பாருங்க தம்பி, ரெண்டுதான் காட்டுது. சரியாத்தானே ஊத்துறேன்?" என்றார். என் பையில் எப்போதும் ஒரு சரிபார்ப்புக் கரைசல் இருக்கும், மீட்டர் சரியென்றால் அதில் 1.413 காட்ட வேண்டும். அதில் நனைத்தேன். 0.9 என்றது. அப்படியென்றால் அவர் 2 என்று நம்பி ஊற்றியது உண்மையில் 3-க்கு மேல். வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சரிபார்க்கவில்லை. லாரி டேஷ்போர்டில், வெயிலில் கிடந்த மீட்டர் அது.

இந்த வருஷம் மட்டும் இப்படி நான் பார்த்த ஐந்தாவது தோட்டம் இது. கஷ்டப்பட்டுச் சேர்த்த காசு கண்ணெதிரே கருகுவதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

சென்சார், போனில் ஓடும் பம்ப், ட்ரோன் எல்லாம் வரட்டும். கூலிக்கு ஆள் கிடைக்காத செபராங் பிறையில் இவை தேவைதான். ஆனால் "இ.சி. சரின்னா உரம் சரி" என்ற பேச்சைத் தயவுசெய்து விடுங்கள். அந்த மீட்டர் உரத்தை அளப்பதில்லை. தண்ணீரில் கரைந்த உப்பெல்லாம் மொத்தமாக எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதைத்தான் அளக்கிறது. எது எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

அன்றைக்கு அண்ணன் வீட்டுச் சமையலறையிலிருந்தே உப்பு கேட்டு வாங்கினேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், கால் டீஸ்பூனுக்கும் குறைவு. கலக்கி, சரிசெய்த மீட்டரை வைத்தேன். 2-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவர் மனைவி எட்டிப் பார்த்து, "அப்ப இதை ஊத்தினாலும் மீட்டர் நல்லாருக்குன்னுதான் சொல்லுமா?" என்று கேட்டார். சொல்லும் அக்கா. தழைச்சத்து, சாம்பல்சத்து, கால்சியம் எதையும் நாம் போடவில்லை. ஆனாலும் மீட்டரில் நல்ல எண்தான். உரத்தை ஏ, பி என்று இரண்டு டப்பாவில் தனித்தனியாக வைக்கிறோம். கால்சியம் இருக்கும் ஏ உரக் குழாய் அடைத்துக்கொண்டு பி மட்டும் கூடுதலாக ஓடினாலும் இதே எண்தான் வரும். காய் நுனி கறுத்து அழுகின பிறகுதான் கால்சியம் போகவில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே மாதம் ஒரு முறையாவது மீட்டரைக் கரைசலில் சரிபாருங்கள். தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பி.எச். மீட்டருக்கு 7, 4 என்ற இரண்டு சரிபார்ப்புக் கரைசலும் வேண்டும். அதன் முனையைக் காயவிடாதீர்கள், காய்ச்சி வடித்த தண்ணீரிலும் ஊறப்போடாதீர்கள். அதற்கென்று விற்கும் திரவத்தில்தான் வைக்க வேண்டும். ஏ, பி இரண்டின் டப்பாவும் தினம் சமமாகக் குறைகிறதா என்று கண்ணால் பாருங்கள். பாலிபேக் அடியில் வடிவதையும் பிடித்து அளந்து பாருங்கள். ஊற்றியதைவிட ரொம்ப ஏறியிருந்தால் உள்ளே உப்பு சேருகிறது, வெறும் தண்ணீர் விட்டு அலசுங்கள்.

அப்புறம் போன். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகன் அங்கிருந்தே பம்பைப் போடுகிறான் என்று ஒரு ஐயா பெருமையாகச் சொன்னார். பம்ப் ஓடியது உண்மை, கடைசி வரிசையில் சொட்டுக்குழாய் அடைத்திருந்ததும் உண்மை. பத்து இடத்தில் கப் வைத்து ஐந்து நிமிஷம் பிடித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

கருவி மட்டும் போதாது என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு உதாரணம் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2004-இல் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் துல்லியப் பண்ணையத் திட்டம் தொடங்கியது. மூன்று ஆண்டில் 400 ஹெக்டேர், சொட்டுநீரும் கரையும் உரமும்தான். கருவியைக் கொடுத்ததோடு நிற்காமல் விஞ்ஞானிகள் வயலுக்கே வந்தார்கள், விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்தார்கள். நம் ஊரில் கருவியை விற்றவர் அடுத்த நாள் போனையே எடுப்பதில்லை. நெல்லுக்கு இலை வண்ண அட்டை இருக்கிறது, வெறும் பிளாஸ்டிக் துண்டு. இலைப் பச்சையை அதோடு ஒப்பிட்டு யூரியா போடலாமா வேண்டாமா என்று ஆசியா முழுக்க விவசாயிகள் முடிவெடுக்கிறார்கள். பேட்டரிகூட வேண்டாம்.

சரிபார்க்கும் கரைசல் வாங்க வசதியில்லை என்றால், சனிக்கிழமை காலையில் மீட்டரை என்னிடம் எடுத்து வாருங்கள். காசு வேண்டாம். நட்ட பிறகு வராதீர்கள், நடுவதற்கு முன்னால் வாருங்கள்.