கொழும்பில் உருளைக்கிழங்கு நடுவதற்கு முன்

முளைவிட்ட கிழங்கைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது. கொழும்பில் வீட்டுத்தோட்டக்காரர்களோடு வேலை செய்யும் விவசாயப் போதனாசிரியர் நான். எனக்கு அதிகம் வரும் கேள்வியும் அதைப் பற்றியதுதான்: "மிஸ், கூடையில் இருந்த கிழங்கு முளைச்சுப் போச்சு, பையில் நட்டுப் பார்க்கட்டா?" 2022 பொருளாதார நெருக்கடியில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று சொன்ன காலத்தில் பற்றிக்கொண்ட ஆர்வம் பலரிடம் இன்னும் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அந்தக் கிழங்கை நட வேண்டாம்.

கடைக் கிழங்கு எங்கிருந்து வந்தது, என்ன இனம் என்று விற்கிறவருக்கே பெரும்பாலும் தெரியாது. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் இறங்கும் மூட்டைகளில் பாகிஸ்தான் கிழங்கும் இருக்கும், இந்தியக் கிழங்கும் இருக்கும். அவை சாப்பிடுவதற்காக வந்தவை. விதைக்கிழங்குக்குச் செய்யும் நோய்ப் பரிசோதனை அவற்றுக்குக் கிடையாது. நான் அதிகம் பயப்படுவது பக்டீரியா வாடல் நோய்க்கு. வெளியே பார்க்க அழகாக இருக்கும் கிழங்குக்குள்ளும் அது இருக்கலாம். கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் உருளைக்கிழங்கின் சொந்தக்காரர்கள், அவற்றையும் அது விடாது. மொட்டை மாடியில் ஒரே மண்ணை மாற்றி மாற்றிப் பாவிப்பவர்களுக்கு, ஒரு கிழங்கோடு வந்தது அடுத்த வருடக் கத்தரி வரைக்கும் போகும்.

செடி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடி விழுந்தால், அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டுங்கள். கண்ணாடிக் குவளையில் சுத்தமான தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் தண்ணீரில் முட்டும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போல வெள்ளை இழை கீழே இறங்கினால் அந்த நோய்தான். மருந்து தேடி அலைய வேண்டாம். செடியைக் கூட்டெருக் குவியலில் போடாமல் எரியுங்கள், பை மண்ணை வேறெதிலும் கலக்காதீர்கள்.

சரி, நல்ல விதை கிடைத்துவிட்டது என்றே வைப்போம். அடுத்த சிக்கல் கொழும்பின் இரவு. இரவு வெப்பநிலை 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரை இருந்தால் உருளைக்கிழங்கு நன்றாகக் கிழங்கு கட்டும். அதைத் தாண்டத் தாண்டக் கிழங்கு குறைந்துகொண்டே போகும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் சராசரி வெப்பநிலையே 16 பாகைதான். கொழும்பில் சித்திரை, வைகாசி இரவுகள் 25க்குக் கீழே இறங்குவதே அருமை. அந்த மாதங்களில் நட்டால் செடி மட்டும் செழித்து உயரும், இலையைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். மண்ணுக்குள் கிழங்காகத் திரள வேண்டிய ஓடுதண்டு திரளாமல் நீண்டு, மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வந்து அதுவும் இலைவிடும். பையின் ஓரத்தில் புதிதாக ஒரு துளிர் வந்திருக்கிறது என்று சந்தோஷமாகப் படம் அனுப்புவார்கள். அது கிழங்காக வேண்டியது.

பகல் நீளம் மட்டும் நமக்குச் சாதகம். ஐரோப்பாவில் கோடைகாலத்து நீண்ட பகலில் வளரவென்று உருவான இனங்கள்கூட இங்கே 12 மணி நேரப் பகலில் வேளைக்கே கிழங்கு கட்டப் பார்க்கும். வெக்கைதான் அதைக் கெடுக்கிறது. ஆகவே கொழும்பில் இதற்கு உள்ளது ஒரே ஒரு பருவம்: ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, டிசம்பர் முதல் பாதியில் நட்டு, மார்ச் வெயில் ஏற முன்னர் கிண்டி எடுப்பது. யாழ்ப்பாணத்திலும் ஏறக்குறைய இதே காலத்தில்தான் நடுகிறார்கள்.

இனத்தைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் இணையத்தில் ஊதாக் கிழங்கின் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நம் நாட்டில் அதிகம் பேர் அறிந்தது கிரனோலா. மஞ்சள் தோல், மஞ்சள் சதை, ஜெர்மனியில் உருவானது. மலைநாட்டு விவசாயிகளின் கை அதில்தான் அதிகம். டெசிரே, நெதர்லாந்தில் 1962இல் வந்த இனம். தோல் சிவப்பு, சதை வெளிர்மஞ்சள். ரெட் லா சோடா அமெரிக்காவில் வந்தது. சிவப்புத் தோல், வெள்ளைச் சதை, கண்கள் ஆழமாக இருக்கும், தோல் சீவும்போது அலுப்புத் தரும். அது யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் பழகிய இனம், வெக்கையையும் மற்றவற்றை விடக் கொஞ்சம் பொறுக்கும். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் உள்ள சீதாஎலிய விவசாய ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்த்துப் பேசப்படும் உள்ளூர் இனங்களும் உண்டு: ஹில்ஸ்டார், லக்‌ஷ்மி, கிருஷி. ஹில்ஸ்டாரின் பெயரே சொல்வதுபோல அவற்றில் பல மலைக்கானவை. என்னைக் கேட்டால் கொழும்புக்கு ரெட் லா சோடா. அது கிடைக்காவிட்டால், அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் என்ன விதை இறங்கியதோ அதில் கொஞ்சம்.

கிழங்கு மாப்பிடிப்பானதா, குழையாமல் நிற்பதா என்று தெரிய வேண்டுமானால் ஒரு கப் உப்பைப் பதினொரு கப் தண்ணீரில் கரைத்துக் கிழங்கைப் போட்டுப் பாருங்கள். மிதப்பது பால்கறிக்கு, தாழ்வது மசித்து ரோல்ஸுக்குள் வைக்க. கடைக் கிழங்குக்கும் இது சரிவரும்.

கிலோக் கணக்கில் விதைக்கிழங்கு கொழும்பில் வாங்குவது கஷ்டம், மூட்டையாகத்தான் விற்பார்கள். ஊரில் தோட்டம் செய்யும் உறவினர் யாராவது இருந்தால், நட்டு மிஞ்சிய விதையில் ஒரு கைப்பிடி கேளுங்கள். கிழங்கு முட்டை அளவு, முளை குட்டையாகத் தடித்ததாக இருக்க வேண்டும். இருட்டில் வளர்ந்த வெளிறிய நீள முளை கை பட்டாலே முறியும். மலைநாட்டிலிருந்து மண் ஒட்டிய கிழங்கை விதைக்கென்று கொண்டுவராதீர்கள். நுவரெலியாப் பக்க மண்ணில் கிழங்கைத் தாக்கும் பொன்னிற வட்டப்புழு இருக்கிறது. அதன் முட்டைப் பை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். மறுபக்கம், கொழும்பில் விளைந்ததை "நம்ம தோட்டத்து விதை" என்று ஊருக்கு அனுப்புவதும் வேண்டாம். அதில் வாடல் நோய் ஒளிந்திருந்தால் நமக்கு நட்டம் ஒரு பை. அவர்களுக்கு ஒரு வயல்.

நடுகை சுலபம். வெள்ளை உரப் பை நல்லது, கறுப்புப் பொலித்தீன் பை வெயிலில் கொதிக்கும். மண், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றும் சமமாகக் கலந்து பையின் மூன்றில் ஒரு பங்குக்குப் போட்டு, இரண்டு கிழங்கு, முளை மேலே பார்க்க. செடி ஒரு சாண் வளர்ந்ததும் மேலும் மண் அணைக்க வேண்டும். இதை இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். சீமெந்துத் தளத்தில் நேரே வைக்காமல் இரண்டு பலகைத் துண்டின் மேல் வையுங்கள். காலை வெயில் முழுதாக, பின்னேர வெயில் மறைவாக. மேலே வைக்கோலோ சருகோ போட்டால் மண் சூடு குறையும். பைக்குக் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விட்டால், கிழங்கு அழுகுவதற்கு முன் டெங்கு பார்க்க பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிற்பார்.

80, 90 நாளில் இலை மஞ்சளாகும். தண்டை வெட்டிவிட்டு ஒன்றரை, இரண்டு கிழமை விட்டுக் கிண்டினால் தோல் இறுகியிருக்கும். ஒரு பைக்கு ஒரு கறிக்கான கிழங்கு வந்தால் கொழும்புக்கு அது நல்ல விளைச்சல். காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம், பிள்ளைகளுக்குக் காட்ட என்றால் தாராளமாகச் செய்யலாம்.

வெயில் பட்டுப் பச்சையான கிழங்கை மட்டும் சமைக்காதீர்கள். பச்சை நிறம் வெறும் பச்சையம்தான், ஆனால் அதே வெளிச்சத்தில் சொலனைன் என்ற நஞ்சும் கூடும். அவித்தாலும் பொரித்தாலும் அது போகாது. வயிற்றுவலி, வாந்தி வரும். கொஞ்சம் பச்சையென்றால் ஆழமாக வெட்டி எறியலாம். கைத்தால் முழுவதையும் எறியுங்கள். கடையில் விளக்கு வெளிச்சத்தில் நாள்கணக்காகக் கிடக்கும் கழுவிய கிழங்கிலும் இது நடக்கும்.

வருடத்தின் மிச்ச மாதங்களுக்கு வற்றாளை (சர்க்கரைவள்ளிக் கிழங்கு) போடுங்கள். கொழும்பு வெக்கை அதற்குப் பிடிக்கும். வாரியபொல சிவப்பு, வாரியபொல வெள்ளை இரண்டும் எளிதில் அகப்படும் இனங்கள். நுனிக்கொடியில் ஓரடித் துண்டு வெட்டி, பாதியை மண்ணுக்குள் படுக்க வைத்தால் போதும். மூன்றரை, நான்கு மாதத்தில் கிழங்கு. அது வேறு குடும்பம் என்பதால் உருளைக்கிழங்கு எடுத்த பையிலேயே போடலாம், கத்தரியும் தக்காளியும் அந்தப் பைக்கு வேண்டாம். மண்ணில் வெடிப்பு விழுந்தால் மூடிவிடுங்கள், கூன்வண்டு அந்த வழியாகத்தான் கிழங்குக்குப் போகும்.

வற்றாளை இளம் இலையில் வறை செய்யலாம், நல்ல ருசி. இங்கேதான் கவனம் வேண்டும். தவறவிட்ட குட்டி உருளைக்கிழங்கு ஒன்று அதே பையில் வற்றாளைக் கொடிக்கு நடுவே முளைத்து வரும். உருளைக்கிழங்கின் இலை, தண்டு, தக்காளிப் பிஞ்சு போலக் காய்க்கும் பச்சைக்காய் எல்லாம் நஞ்சு. வற்றாளை இலை இதயம் மாதிரியோ விரல் விரித்த மாதிரியோ தனித்தனியாகக் காம்பில் நிற்கும். உருளைக்கிழங்கில் ஒரே காம்பில் பல சிற்றிலைகள், தடவினால் மயிர் தெரியும். அதை முதலில் வேரோடு பிடுங்கிவிட்டு, பிறகு வறைக்குக் கிள்ளுங்கள்.